நீல வாண்டாவும் பொய்ப் பெயர்ச்சீட்டும்

ஊரை விட்டு வந்து வடநாட்டு நகரங்களிற் குடியேறிய தமிழர் வீடுகளில், மாடியிலோ பின்கட்டிலோ, நாலு தொட்டிச் செடிகள் இல்லாமற் போவதில்லை. துளசி ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, இடமிருந்தால் ஒரு மல்லிகைக் கொடி. நமது வீட்டு நிலையும் அதுவே. சில ஆண்டுகளுக்கு முன் இவற்றோடு ஒரு புதிய விருந்தாளியும் வந்து சேர்ந்தது. குளிர்காலத்திற் கூடும் செடிச் சந்தை ஒன்றில், மரச் சட்டத்திற் கட்டி, வேர்களை அந்தரத்தில் நீட்டியபடி தொங்கவிடப்பட்டிருந்த ஆர்க்கிட் செடி அது. பூ இல்லை, மொட்டும் இல்லை. ஆனால் "காசி மலை நீல வாண்டா, அரிய காட்டினம்" என்று எழுதிய சீட்டு ஒன்று கழுத்தில் இருந்தது. பக்கத்திலிருந்த செடிகளைப் போல் ஐந்து மடங்கு விலை கேட்டார் கடைக்காரர். கொடுத்து வாங்கி வந்தோம்.

இங்கே காசி என்பது கங்கைக் கரையிலுள்ள காசி அன்று. மேகாலயத்தில், ஷில்லாங் நகரைத் தன்பாற் கொண்ட காசி மலைநாடு. அந்த மலைநாட்டைச் சேர்ந்த நண்பர் ஒருவர் நம்முடன் பணியாற்றி வந்தார். தம் தந்தையார் இளமையில் இந்த நீலப் பூவைக் காட்டு ஓக் மரங்களிற் கண்டதாகச் சொல்லக் கேட்டிருக்கிறார். தம் ஊர்ப் புறத்தில் தாம் ஒரு முறையேனும் கண்டதில்லை. செடி பக்கக் கன்று விட்டால் ஒன்றைத் தமக்குத் தர வேண்டும் என்றும், விடுமுறையில் எடுத்துச் சென்று வீட்டின் பின்னுள்ள மரத்திலேயே கட்டிவிடப் போவதாகவும் கூறினார். மலைநாட்டுப் பூ ஒன்று, சமவெளிச் சந்தை வழியாக, மீண்டும் மலைக்கே போகப் போகிறது என்று நாமும் மகிழ்ந்தோம்.

மூன்றாம் ஆண்டு கார்காலம் கழிந்ததும் செடி பூத்தது. தட்டைப் போல் அகன்று, வட்டமாய், இடைவெளியின்றி இதழோடு இதழ் தொட்டு நின்ற பூக்கள். கருநீலக் கோடுகள் வலையாகப் பின்னியிருந்தன. கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் நண்பர் தம் கையிலிருந்த பழைய தாவர நூற் படத்தையும் செடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் ஊர்ப் பூ அன்று" என்றார். அவர் கூற்று மெய்யே. அந்தச் சீட்டில் இருந்த சொற்களில் "வாண்டா" என்பது ஒன்றே சரி. இத்தகைய பொய்ப் பெயர்களுக்குப் பின்னே ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

வாண்டா செருலியா என்பது நீல வாண்டாவின் அறிவியற் பெயர். 1837-ஆம் ஆண்டில் வில்லியம் கிரிபித் என்னும் தாவரவியலார் இதனைக் காசி மலைகளிற் கண்டார். லிண்ட்லி என்ற பேரறிஞர் 1847-இல் அதனை விவரித்து உலகுக்கு அறிவித்தார். 1850-இல் ஜோசப் ஹூக்கர், தம் தோழர் தாம்சனுடன் அம்மலைகளுக்குச் சென்றார். லார்னாக் என்னும் சிற்றூரை அடுத்த ஓக் தோப்புகளில், வெயிலும் காற்றும் தாராளமாகப் படும் இடத்தில், அச்செடிகள் நீலப் பூங்கொத்துகளை அசைத்து நிற்கக் கண்டதாக அவர் தமது இமாலயப் பயணக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவருடைய கூட்டத்தார் பறித்த பூங்கொத்துகள் முந்நூற்று அறுபது. தாழ்வாரத்தில் ஒவ்வொன்றும் ஒரு கஜ உயரமுள்ள மூன்று குவியல்களாக அவற்றைக் கொட்டி வைத்தனர் என்பதைப் படிக்கும்போது, வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன.

வருத்தம் இதோடு நிற்கவில்லை. லண்டன் கியூ தோட்டத்திற்கென ஏழு ஆள் சுமை செடிகளை ஹூக்கர் சேர்த்தார். அவற்றுட் சிலவே உயிருடன் கரை சேர்ந்தன. செடி இருக்கும் இடத்தை அறிந்து வர ஹூக்கரோடு தம் தோட்டக்காரனை அனுப்பியிருந்த வேறொரு கனவான், ஒரே ஓர் ஆள் சுமையைச் சீமைக்கு அனுப்பினார். அதுவும் சீர்குலைந்த நிலையிலேயே போய்ச் சேர்ந்தது. அப்படியிருந்தும் செடி ஒன்றுக்கு மூன்று முதல் பத்துப் பவுன் வரை விலை போய், மொத்தம் 300 பவுன் கிடைத்தது. சுறுசுறுப்புள்ள ஒருவர் காசி மலை ஆர்க்கிட்டுகளை விற்று ஒரே பருவத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் பவுன் ஈட்டலாம் என்று ஹூக்கரே கணக்கிட்டுக் காட்டினார். அறிஞர் ஒருவர் எழுதிய அந்தக் கணக்கு, வணிகர் கண்ணுக்கு அழைப்பிதழாகப்பட்டது என்றால் அது மிகையாகாது.

இவ்வளவு விலை போகும் பொருளில் பெயரே முதல். பொன்னை உரைத்துப் பார்க்கலாம். முத்தைக் கண்ணால் மதிப்பிடலாம். பூக்காத ஆர்க்கிட் செடியில் மதிப்பிடுவதற்கு ஒன்றுமில்லை. நாலைந்து தோல் போன்ற இலைகள், சில வேர்கள். பத்து இனங்களுக்கும் அதே தோற்றம். பூ வர ஆண்டுகள் செல்லும். அதுவரை வாங்குவோனுக்கு ஆதாரம் விற்போன் எழுதிய சீட்டு ஒன்றே.

அறியாமையாற் பிறந்த பொய்களே முதலில் மிகுதி. பிரேசில் நாட்டுக் காட்லியா லேபியாட்டாவின் கதை இதற்குச் சான்று. 1818-இல் சுவைன்சன் என்பவர் பெர்னாம்புகோ பகுதியிலிருந்து அனுப்பிய செடிகளுள் ஒன்று, லண்டனை அடுத்த பார்னெட்டில் காட்லி என்பாரின் கண்ணாடி மனையில் பூத்தது. அவர் பெயரையே லிண்ட்லி அதற்குச் சூட்டினார். பின்னர் எவர் தேடியும் அதன் பிறப்பிடம் அகப்படவில்லை. ரியோ நகரை அடுத்த பாறைகளில் அதனைக் கண்டதாகக் கார்ட்னர் என்பார் அறிவித்தார். தேடுவோர் அங்கே சென்றனர். அங்கிருந்ததோ வேறோர் இனம். இடையில் வெனிசுலாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்த பெருமலர்க் காட்லியாக்கள் பல, லேபியாட்டாவின் வகைகள் என்றே அழைக்கப்பட்டன. உண்மைச் செடி இலையுதிர் காலத்திற் பூப்பது; மற்றவை வேறு பருவங்களில். அந்த வேறுபாட்டைக் கருதினார் சிலரே. ஏறக்குறைய எழுபது ஆண்டு சென்று, 1890-ஐ ஒட்டி மெய்யான செடி பெருமளவில் மீண்டும் வந்தபோது, வேடிக்கை ஒன்று நிகழ்ந்தது. பெல்ஜியத்து லிண்டன் நிறுவனம் அதனைக் "காட்லியா வாரோக்கியானா" என்னும் புதிய இனமாக விற்றது. இங்கிலாந்துச் சாண்டர் நிறுவனமோ அதே செடியைப் பழைய மெய் லேபியாட்டா என விளம்பரம் செய்தது. இத்தனை காலம் போலிக்கு மெய்ப்பெயர் வழங்கியது. மெய் வந்ததும் அதற்குப் பொய்ப்பெயர் வாய்த்தது!

கலப்பினங்கள் வந்த பின் குழப்பம் வேறு வடிவெடுத்தது. நம் ஊரில் ஒட்டு மாங்கன்று என்கிறோமே, அது வேறு. ஒன்றின் தண்டை மற்றொன்றோடு பிணைப்பது. கலப்பு என்பது ஓர் இனத்தின் மகரந்தத்தை மற்றோர் இனத்தின் சூல்முடியில் இட்டு, விதையெடுத்து, முளைக்க வைப்பது. எக்ஸிட்டர் நகரில் வீச் என்பாரின் செடிப் பண்ணையில் ஜான் டாமினி என்னும் தோட்டக்காரர், ஹாரிஸ் என்ற மருத்துவர் காட்டிய வழியைப் பின்பற்றி இதைச் செய்தார். 1856-இல் அவர் வளர்த்த கலாந்தே செடி பூத்தது. மனிதன் கையாற் பிறந்து மலர்ந்த முதல் ஆர்க்கிட் கலப்பினம் அதுவே. அதனைக் கண்ட லிண்ட்லி, இனித் தாவரவியலார் பித்துப் பிடித்துத் திரிய வேண்டியதுதான் என்னும் கருத்துப்படப் பேசினார் என்பர். அவருடைய அச்சம் பொய்க்கவில்லை.

மனிதன் கைபடாமலே காட்டிற் பிறந்த கலப்பினங்கள் வேறு இருந்தன. பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து வந்த பலனாப்சிஸ் செடி ஒன்றை லிண்ட்லி 1853-இல் விவரித்தபோதே, இது தனி இனமன்று, இரண்டினத்துக் கலப்பாகலாம் என ஐயுற்றார். வீச் பண்ணையார் அவ்விரு பெற்றோரையும் சேர்த்து 1886-இல் அதே பூவை வரவழைத்துக் காட்டியதும் ஐயம் தெளிந்தது. முப்பத்து மூன்று ஆண்டு கழித்தாயினும் ஓர் ஐயத்தைச் சோதித்து முடித்த அந்தப் பொறுமையை நாம் போற்றுகிறோம்.

எல்லோரும் அவ்வளவு பொறுமையாயிருக்கவில்லை. ஹாம்பர்க் நகரத்து ரைக்கன்பாக் என்னும் பேராசிரியர், லிண்ட்லிக்குப் பின் ஆர்க்கிட் பெயர்களுக்குத் தலைமை நீதிபதி போல் விளங்கியவர். உலகின் பல பண்ணைகளிலிருந்தும் அவருக்கே பூக்கள் போயின. 1889-இல் அவர் மறைந்தபோது, தம் உலர்செடித் தொகுப்பை வியன்னா அருங்காட்சியகத்திற்கு எழுதி வைத்தார். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகள் எவரும் அதனைத் திறந்து பார்க்கலாகாது என்பது நிபந்தனை. அதனால் எந்தப் பெயர் எந்தச் செடிக்கு முதலில் இடப்பட்டது என ஒப்பிட்டுப் பார்க்கும் மூலப் படிகள் ஒரு தலைமுறை முழுவதும் பூட்டிக் கிடந்தன. விற்பனை மட்டும் ஒரு நாளும் பூட்டப்படவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, மூல நூலைப் பூட்டி வைத்துவிட்டு அதன் பெயர்ப்புகளை ஒப்பிடச் சொன்னால் என்ன பாடுபடுவோம் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இந்திய எல்லையை ஒட்டிய இன்னொரு செடியின் கதையும் இதற்குத் துணை நிற்கும். பாதுகை வடிவிலுள்ள பூக்களையுடையவை பாபியோபெடிலம் என்னும் பேரினத்துச் செடிகள். அவற்றுள் ஃபேரியானம் என்பது 1857-இல் இங்கிலாந்தில் தோன்றியது; அஸ்ஸாமிலிருந்து வந்தது என்றே சொல்லப்பட்டது. ஊதாக் கோடுகளும், எருமைக் கொம்பு போற் கீழே வளைந்து மேலே திரும்பிய இதழ்களும் கொண்ட அழகிய பூ. வந்த சில செடிகளை வைத்துக் கலப்பினங்கள் செய்தனர். 1870-இல் ஒன்று, 1874-இல் ஒன்று எனப் பெயர் பெற்றன. இதற்குள் மூலச் செடி வளர்ப்பார் கையிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயிற்று. பெற்றோர் காணாமற்போய்ப் பிள்ளைகள் மட்டும் கண்ணாடி மனைகளில் வாழ்ந்த காலம் அது. மூலத்தைக் கொணர்வோருக்கு 1000 பவுன் தருவதாகச் சாண்டர் அறிவித்தார். 1904, 1905 ஆண்டுகளில், திபெத்துப் படையெடுப்பை ஒட்டிய காலத்தில், சியரைட் என்பவர் பூட்டானின் மேற்குப் புறத்தில் அதனைக் கண்டு செடிகளைக் கல்கத்தாவிற்கு அனுப்பினார். பிறகு வந்து குவிந்த செடிகளால் விலை விழுந்தது. விலை விழுந்ததே ஒழியக் காட்டுச் செடிகள் மீளவில்லை. இன்று அவ்வினம் அழிவின் விளிம்பில் உள்ளவற்றுள் வைத்து எண்ணப்படுகிறது.

இத்தகைய நிலையில்தான் கலப்பினங்களுக்கு ஒரு பேரேடு வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1906-இல் சாண்டர் நிறுவனம் தன் முதற் பட்டியலை வெளியிட்டது. 1961 முதல் இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைக் கழகம் அப்பணியை ஏற்று நடத்தி வருகிறது. இன்ன தாய்க்கும் இன்ன தந்தைக்கும் பிறந்தவை அனைத்திற்கும் ஒரே பெயர் என்பது அதன் விதி. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் ஏறியிருக்கின்றன. பெரும்பணிதான், ஐயமில்லை. ஆயினும் பெற்றோர் இவரென்று சொல்பவர் செடியை வளர்த்தவரே. அவர் தாய்ச்செடி என நம்பியது வேறொன்றாயிருந்தால், அந்தப் பிழை பேரன் பேத்திகள் வரை செல்லும்.

நமது வீட்டுச் செடிக்கு இனி வருவோம். பிலிப்பைன்சின் மிண்டனாவோ தீவில் வாண்டா சாண்டரியானா என்னும் இனம் உண்டு. தட்டைப் போல் அகன்ற பூ. மேல் இதழ்கள் இளஞ்சிவப்பு, கீழ் இதழ்கள் பழுப்பு வலைப்பின்னல். காசி மலை நீலத்தையும் மிண்டனாவோவின் அகலத்தையும் சேர்த்துப் பிறந்தது ரோத்சில்டியானா என்னும் கலப்பினம்; 1931-இல் அதன் பெயர் பதிவாயிற்று. காட்டு நீல வாண்டாவின் இதழ்கள் அடியில் சற்றே முறுக்கிக்கொண்டு, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்பவை. நிறமும் வெளிறிய வானத்து நீலம். கலப்பினத்தில் இடைவெளி மறைந்து நிறம் ஆழ்கிறது. பூவைப் பின்புறம் திருப்பிப் பார்ப்பதும் பயன் தரும்: நீல வாண்டாவின் உதட்டிதழில் குறுகிய வால் போன்றதொரு பை உண்டு, சாண்டரியானாவுக்கு அது இல்லை. கலப்பினமோ நடுத்தரம்.

இதில் மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. காட்டு நீல வாண்டா மலைக் குளிருக்குப் பழகியது. நம் சமவெளி வெப்பத்தில் வாடிப்போகும். கலப்பினமோ வெப்பத்தையும் தாங்கும், அடிக்கடி பூக்கவும் செய்யும். வளர்க்க எளிதான செடி கலப்பினமே. விலை போகும் பெயர் காட்டினத்தினதே. ஒன்றின் உடலில் மற்றொன்றின் பெயரை ஒட்டிவிட்டால் வணிகனுக்கு இரட்டை இலாபம். விதை முளைப்பதற்குத் துணைப் பூஞ்சை வேண்டியிருந்த காலத்தில் கன்றுகள் அரியனவாயிருந்தன. 1922-இல் அமெரிக்க அறிஞர் நட்சன், சர்க்கரை கலந்த அகர்ப் பசையில் பூஞ்சையின்றியே விதைகளை முளைக்க வைக்கும் வழியைக் கண்டார். அது முதல் ஒரு குப்பிக்குள் நூற்றுக்கணக்கான கன்றுகள். குப்பியின் மேல் ஒட்டிய சீட்டு ஒன்று மாறினால், நூறு செடிகளுக்கும் பெயர் மாறிவிடும். ஆகவே நமக்கு விற்றவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் எனச் சொல்ல நாம் துணியவில்லை. அடுத்த ஆண்டுச் சந்தையில் அவரிடம் கேட்டபோது, தாம் மொத்தமாக வாங்கிய இடத்தில் தந்த சீட்டையே மாட்டியதாகச் சொன்னார். அவர் முகத்தைக் கண்டு அதனை நம்பினோம்.

ஆனால் அந்தச் சீட்டில் எழுதியிருந்த வாசகம் விசித்திரமானது. நமது நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. 1991-இல் செய்த திருத்தத்தால் ஆறு வகைத் தாவரங்கள் அதன் காவலுக்குள் வந்தன. நீல வாண்டா, செவ்வாண்டா, பாதுகை ஆர்க்கிட்டுகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். அவற்றைக் காட்டிலிருந்து பறிப்பது குற்றம்; உரிமமின்றி வளர்ப்பதும் விற்பதும் கூடா. ஆகவே "காட்டினம்" என்ற சீட்டு மெய்யானால் அது குற்றத்தின் வாக்குமூலம்; பொய்யானால் ஏமாற்று. இரண்டில் எதுவாயினும், அதைப் பெருமையோடு கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நாமும் பெருமையோடு வாங்கினோம். வாங்குமுன் இதை அறியாதிருந்தது நம் குற்றமே.

பொய் எதிர்த் திசையிலும் ஓடுகிறது. பாதுகை ஆர்க்கிட்டுகளின் பன்னாட்டு வணிகம் 1990 முதல் கடுமையாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. அதன் பின், காட்டிலிருந்து பெயர்த்த மெய்ச் செடிகளே கலப்பினங்கள் என்ற பெயரில் எல்லை கடப்பதுண்டு. பூவில்லாத செடியைப் பார்த்துச் சுங்க அலுவலர் என்ன செய்வார்? அகத்தியமலைத் தொடரில் ட்ரூரி என்னும் படைத்தலைவர் 1865-இற் கண்ட பொன்னிறப் பாதுகை ஆர்க்கிட், தென்னாட்டிற்கே உரிய அந்த ஒரே இனம், சேகரிப்போரால் வேரோடு பறிக்கப்பட்டுக் காட்டிலிருந்து அழிந்ததென்றே 1970-களில் கருதும் நிலைக்கு வந்தது. பொதிகையைத் தமிழுக்குத் தாயகமெனப் பாடிய நம்மவருள், அம்மலையில் இப்படியொரு பூ இருந்ததை அறிந்தோர் எத்தனை பேர்? கேரளத்துத் தாவரத் தோட்டத்தார் அதனைப் பெருக்கி மீண்டும் மலையில் நட முயன்றிருக்கிறார்கள். அப்படி நடும்போது ஒரு கலப்புக் கன்றும் இடையில் நுழைந்துவிடாதபடி பார்ப்பதே அவர்களது முதற் கவலையாயிருக்கும்.

நம் நண்பரின் கவலையும் அதுவே. செடி பூக்குமுன் கன்று விட்டிருந்தால், அவர் அதனை மலைக்குக் கொண்டுபோய் மரத்திற் கட்டியிருப்பார். அருகில் எங்கோ எஞ்சியிருக்கும் உண்மை நீல வாண்டாவோடு வண்டுகளும் தேனீக்களும் அதனை மணமுடித்து வைத்திருக்கும். சில பத்தாண்டுகள் சென்றால், மிண்டனாவோவின் குருதி ஓடும் பூக்களைக் காசி மலைப் பூக்களென்று நம்பி ஒரு தலைமுறை வளர்ந்திருக்கும்; அவற்றிற்குச் சீட்டெழுதிய கை எதுவென்று கேட்க ஆளிருக்காது.

செடி இன்னும் நம் மாடியில் தொங்குகிறது. பழைய சீட்டைக் கழற்றிவிட்டோம். "கலப்பினம், ரோத்சில்டியானாவாக இருக்கலாம், பெற்றோர் உறுதியில்லை, மலைக்குக் கொண்டு செல்லத் தக்கதன்று" என்று நண்பரே தம் கையால் ஒரு புதுச் சீட்டு எழுதி மாட்டினார். சென்ற குளிர்காலத்தில் அது இரண்டு கொத்துப் பூத்தது. அடியில் ஒரு கன்றும் விட்டிருக்கிறது. அந்தக் கன்றுக்கும் அதே சொற்களில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறோம்.